ஆற்றுக்குச் சர்டிபிகேட் கொடுப்பது யார்?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில், சிவில் துறையின் 2007–2011 அணியைச் சேர்ந்த பொறியாளர் ஆற்றிய உரை)



வடை பாயசத்தோடு சாப்பாடு முடிந்து, மின்விசிறி சுற்றும் இந்த நேரத்தில் என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். இதே அரங்கத்தின் கடைசி வரிசையில் எத்தனையோ சிறப்புரைகளுக்குத் தூங்கியவன்தான் நானும்.

தலைவர் அண்ணன் போன மாதம் போனில், "தம்பி, என்ன தலைப்புன்னு போடட்டும்?" என்று கேட்டார். "பூச்சி பத்திப் பேசறேண்ணா" என்றேன். "என்ன, சாஃப்ட்வேர்ல வர்ற பக்கா?" என்றார். "இல்லண்ணா, நிஜப் பூச்சி. தண்ணிக்குள்ள இருக்கிறது" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, சிவில்காரன்தானே, எப்படியும் கடைசியில கழிவுநீருக்குத்தான் வருவே" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். கடைசியில் அங்கேதான் வரப்போகிறேன்.

நாம் படித்தபோது சுற்றுச்சூழல் ஆய்வகத்தில் பி.ஓ.டி. பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். தண்ணீரில் இருக்கிற அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்க்கிற சோதனை. ஐந்து நாள், 20 டிகிரி. இங்கிலாந்தில் கழிவுநீர் பற்றி ஆராய்ந்த ராயல் கமிஷன் 1912-ல் தந்த அறிக்கையின் வழியாக நிலைத்துவிட்ட சோதனை இது. நம் ஊர் வெயிலுக்கு 20 டிகிரி என்பது குளிர்பதனப் பெட்டி வைத்தால்தான் கிடைக்கும். அதனால் இந்தியத் தர நிறுவனம் 1993-ல் மூன்று நாள், 27 டிகிரி என்று மாற்றி வைத்தது. ஆற்றில் விடுகிற கழிவுநீருக்கு பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம், சி.ஓ.டி. 250, மிதக்கும் திடப்பொருள் 100 என்று பொதுவான வரம்பு இருக்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். நான் வேலைக்குப் போன பிறகும் இந்த மூன்று எண்களைத்தான் வேதமாக வைத்திருந்தேன்.

இந்த எண்களில் தப்பு இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை அப்போது நான் யோசிக்கவில்லை. பாட்டிலை எந்த நிமிஷத்தில் ஆற்றில் முக்குகிறோமோ, அந்த நிமிஷத்துத் தண்ணீரின் கதையை மட்டும்தான் அது சொல்லும். பத்து நிமிஷம் முன்னால் போன தண்ணீர் இந்நேரம் அடுத்த ஊர் போயிருக்கும். பாசி நிறைந்த ஆற்றில் மதியம் மூன்று மணிக்குக் கரைந்த ஆக்சிஜனை அளந்தால் பிரமாதமாக இருக்கும், வெயிலில் பாசி ஆக்சிஜனை வாரி விடுகிறது. அதே இடத்தில் விடியற்காலை நாலு மணிக்கு அளந்தால் மீன் வாயைப் பிளக்கிற அளவுக்கு இறங்கியிருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு எந்த லேப் பையன் பாட்டிலோடு போகிறான்? நான் போனதில்லை.

இனி என் கதை. இதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

படித்து முடித்து மூன்று வருஷம் கழித்து ஒரு ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பொறுப்பாளராகப் போனேன். எந்த ஆலை, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஆலைக்குப் பின்னால் ஒரு ஓடை. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குச் சுத்திகரித்த தண்ணீரை பாட்டிலில் பிடிப்போம். ரிசல்ட் வரும். மூன்று எண்ணும் வரம்புக்குள் இருக்கும். நான் கையெழுத்துப் போடுவேன். இரண்டு வருஷத்தில் நூற்றுக்கும் மேலே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அப்போது பக்கத்துக் கலைக் கல்லூரியிலிருந்து விலங்கியல் எம்.எஸ்ஸி. படிக்கிற ஒரு பெண் புராஜெக்டுக்காக ஓடையில் பூச்சி பிடிக்க அனுமதி கேட்டு வந்தார். கையில் மூங்கில் கம்பில் கட்டிய ஒரு வலை, ஒரு வெள்ளை எனாமல் தட்டு, இடுக்கி, ஸ்பிரிட் ஊற்றிய சின்னச் சின்ன பாட்டில்கள். அவ்வளவுதான் சாமான். "பாதுகாப்புக்குக் கூடப் போங்க" என்று மேனேஜர் என்னை அனுப்பினார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான். லட்சக்கணக்கில் கருவி வைத்திருக்கிறோம், இந்தப் பெண் வலையோடு வந்திருக்கிறாரே என்று.

ஆலைக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கல், ஒரே மாதிரி ஆழம், ஒரே மாதிரி வேகம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார். வலையின் வாயை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, வலைக்கு முன்னால் இருக்கிற கல்லையெல்லாம் காலால் கிளறினார். கடிகாரம் பார்த்து மூன்று நிமிஷம். கலைந்து வருகிறதெல்லாம் வலைக்குள் போகும். பிறகு ஒரு நிமிஷம் கல்லைக் கையால் புரட்டி, ஒட்டிக்கொண்டிருப்பதை எடுத்தார். எல்லாவற்றையும் தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கொட்டினார்.

மேல் இடத்துத் தட்டைப் பார்த்து அசந்துவிட்டேன். சந்தைக்கடை மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாகக் காட்டினார். தட்டையான உடம்போடு கல்லில் பல்லி மாதிரி ஒட்டுகிற மேஃப்ளை குஞ்சு. பின்னால் மூன்று வால், வயிற்றின் இரண்டு பக்கமும் இலை இலையாகச் செவுள். இதன் பெரிய பருவத்துக்கு ஒரு நாள் இரண்டு நாள்தான் ஆயுள், சாப்பாடே கிடையாது. ஆனால் தண்ணீருக்குள் குஞ்சாக மாதக்கணக்கில் இருக்கும். அப்புறம் எச்சிலால் வலை பின்னி, ஓடி வருகிற துணுக்கைப் பிடித்துத் தின்னும் காடிஸ்ஃப்ளை புழு. மணலில் புதைந்து கிடக்கிற தட்டானின் குஞ்சு, ஊசித்தட்டானின் குஞ்சு. தட்டான் குஞ்சு குதம் வழியாகத் தண்ணீரை இழுத்து மூச்சு விடுகிறது; ஆபத்து வந்தால் அதே தண்ணீரைப் பீச்சி அடித்து முன்னால் பாய்கிறது. ஜெட் என்ஜின் படித்த மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்கவும்.

கீழ் இடத்துத் தட்டில் சத்தமே இல்லை. சிவப்பாக நெளிகிற புழு, நூல் மாதிரி மண்புழு, நாலைந்து நத்தை. அவ்வளவே. அந்தச் சிவப்புப் புழு கைரோனோமஸ் என்கிற கடிக்காத கொசு இனத்தின் குஞ்சு. நம் ரத்தத்தில் இருக்கிற மாதிரியே ஹீமோகுளோபின் அதற்கும் உண்டு. ஆக்சிஜன் அருகிப்போன சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும். நூல் மாதிரி இருக்கிறது டியூபிஃபெக்ஸ். வண்ணமீன் கடையில் மீனுக்குத் தீனியாக விற்பார்களே, அதே புழு. தலையைச் சேற்றில் புதைத்துக்கொண்டு வாலை மட்டும் தண்ணீரில் ஆட்டிக்கொண்டிருக்கும்.

அந்தப் பெண் நோட்டில் மதிப்பெண் போட்டார். மேலே 11 குடும்பம், மொத்தம் 68 மதிப்பெண், சராசரி 6.2. கீழே 3 குடும்பம், மொத்தம் 6, சராசரி 2. நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. ராத்திரியில ஏதாவது திறந்து விடுவீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, வாரா வாரம் ரிப்போர்ட் இருக்கு, வந்து பாரு" என்றேன். "ரிப்போர்ட் இருக்கும் சார். ஆனா இதுங்க இருபத்து நாலு மணி நேரமும் இங்கயேதான் இருக்குதுங்க" என்றார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒன்றரை மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். நடந்தது இதுதான்: கழிவுநீரைத் தேக்கிச் சமப்படுத்துகிற தொட்டி, பழைய உற்பத்தி அளவுக்குக் கட்டியது. உற்பத்தி ஏறிவிட்டது. ராத்திரி ஷிப்டில் மெஷின்களைக் கழுவும்போது ஒரே மூச்சில் தண்ணீர் வரும்; தொட்டி நிரம்பும்; மேலே இருக்கிற வழிகுழாய் வழியாக மழைநீர் வடிகாலுக்குப் போகும்; வடிகால் நேராக ஓடைக்குப் போகும். நாங்கள் பாட்டில் பிடிக்கிற குழாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காலை ஆறு மணிக்கு எல்லாம் வடிந்து சுத்தமாகிவிடும். 11 மணிக்கு நான் வருவேன்.

யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை. என் ரிப்போர்ட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணும் நிஜம். ஓடை மட்டும் செத்துக் கிடந்தது.

மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். தொட்டியைப் பெரிதாக்க வேண்டும், வழிகுழாயை அடைக்க வேண்டும், 24 மணி நேரக் கலவை மாதிரி எடுக்க வேண்டும் என்று மூன்று பரிந்துரை. "ரிப்போர்ட் சரியாத்தானே இருக்கு தம்பி? பூச்சி செத்துச்சுன்னு யாராவது கேஸ் போடுவாங்களா? அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம்" என்றார். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகி, வீட்டுக் கடன் வாங்கி, மனைவி முழுகாமல் இருந்தார். வெளியே எங்கும் புகார் செய்யும் துணிச்சல் எனக்கு வரவில்லை. இன்னும் ஐந்து மாதம் அதே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன், தெரிந்தே போட்டேன். அப்புறம் வேறு வேலை கிடைத்ததும் விலகினேன். முதல் இரண்டு வருஷக் கையெழுத்து தெரியாமல் போட்டது. அதை மன்னித்துவிட்டேன். அந்தக் கடைசி ஐந்து மாதத்தை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தப் பூச்சிக் கணக்கை உட்கார்ந்து படித்தேன். படித்தால், நாம் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் 1908, 1909 ஆண்டுகளிலேயே எந்தத் தாவரம், எந்தப் பிராணி எவ்வளவு அழுக்கைத் தாங்கும் என்று பட்டியல் போட்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் டிரென்ட் ஆற்றுக்காக வுடிவிஸ் என்பவர் 1964-ல் ஒரு குறியீட்டு எண் வகுத்தார். அந்த நாட்டில் 1976-ல் இதற்கென்றே ஒரு பணிக்குழு போட்டார்கள். அந்தக் குழுவின் பெயரால்தான் பி.எம்.டபிள்யூ.பி. மதிப்பெண் என்று வந்தது. பி.எம்.டபிள்யூ. கார் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

அதன் கணக்கு எல்.கே.ஜி. பிள்ளைக்கும் புரியும். ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். அழுக்கைத் துளியும் தாங்காத குடும்பத்துக்கு 10. தட்டை உடம்பு மேஃப்ளைக்கும், மலை ஓடைகளில் இருக்கிற இரட்டை வால் ஸ்டோன்ஃப்ளைக்கும் 10. தட்டான் குடும்பங்களுக்கு 8. வலை பின்னும் காடிஸுக்கு 5. குளத்து நத்தைக்கு 3. சிவப்புப் புழு குடும்பத்துக்கு 2. டியூபிஃபெக்ஸ் வகையறாவுக்கு 1. ஒரு குடும்பத்தில் ஒன்று கிடைத்தாலும் ஆயிரம் கிடைத்தாலும் மதிப்பெண் ஒரு தரம்தான். எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம். குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி. மொத்தம் என்பது எவ்வளவு நேரம் தேடினோம் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். சராசரி அவ்வளவு சுலபமாக ஏமாறாது. நான் சொன்ன அந்த 68-க்கும் 6-க்கும் இதுதான் கணக்கு.

இன்னும் ஒரு படி மேலே யோசித்தார்கள். மலையில் ஓடுகிற ஓடைக்கும் சமவெளியில் மெதுவாகப் போகிற ஆற்றுக்கும் ஒரே மதிப்பெண்ணை எதிர்பார்ப்பது நியாயமா? 1977-ல் தொடங்கிய ஒரு ஆராய்ச்சியில், மாசுபடாத இடங்களை முதலில் பார்த்து, இந்த உயரத்தில், இந்தச் சரிவில், இந்த மாதிரிக் கல்லும் மணலும் இருக்கிற இடத்தில் என்னென்ன பூச்சி இருந்தாக வேண்டும் என்று கணிக்கிற முறையை உருவாக்கினார்கள். கிடைத்ததை, கிடைத்திருக்க வேண்டியதோடு வகுத்தால் ஆற்றின் நிலை தெரிந்துவிடும். நாம் கான்கிரீட் க்யூபை உடைத்து, கிடைத்த வலிமையை டிசைன் வலிமையோடு ஒப்பிடுகிறோமே, அதே நியாயம். ஐரோப்பிய ஒன்றியம் 2000-ல் கொண்டுவந்த தண்ணீர்ச் சட்டத்தில் ஆற்றின் நிலையைத் தீர்மானிக்கிற அம்சங்களில் ஒன்றாக இந்தப் பூச்சிகளையும் சேர்த்துவிட்டார்கள்.

இந்த முறை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒரு சம்பவம். இங்கிலாந்தில் மார்ல்பரோ என்ற ஊர் வழியாக கென்னட் என்று ஒரு ஆறு போகிறது. பிறகு தேம்ஸில் சேரும். தூண்டில்காரர்களும் ஊர்க்காரர்களுமாகச் சேர்ந்து சம்பளமில்லாமல் அந்த ஆற்றில் தவறாமல் வலை போட்டுப் பூச்சி எண்ணுகிறார்கள். எட்டே எட்டு வகையை அடையாளம் தெரிந்தால் போதும். எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே போனால் அரசு அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். 2013 ஜூலையில் அப்படி வலை போட்டவர்கள், எப்போதும் மொய்க்கிற நன்னீர்க் கூனி காணாமல் போய்விட்டதைப் பார்த்தார்கள். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. தேடிப் பார்த்ததில் ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்குப் பூச்சியும் கூனியும் அழிந்திருந்தன. காரணம் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து. சாக்கடை வழியாக ஊரின் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வந்து, அதையும் தாண்டி ஆற்றில் கலந்திருந்தது.

சிவில்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். அஸ்திவாரத்துக்குக் கரையான் மருந்து அடிக்கிறோமே, அந்த டின்னில் இருக்கிற பெயர்தான். பி.ஓ.டி., சி.ஓ.டி. சோதனை செய்திருந்தால் இதைப் பிடித்திருக்க முடியுமா? ஒருநாளும் முடியாது. சில கிராம் மருந்தால் பி.ஓ.டி. நகரவே நகராது. பூச்சிமருந்து என்று தேடினால்தான் பூச்சிமருந்து கிடைக்கும். எதைத் தேடுவது என்றே தெரியாதபோது பூச்சிதான் கையைத் தூக்கிக் காட்டுகிறது.

நம் நாட்டிலும் இது இல்லாமல் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நெதர்லாந்து உதவியோடு யமுனையில் முயன்று பார்த்து, இந்தப் பிராணிகளை வைத்து ஆறுகளைத் தரம் பிரிக்கிற முறை ஒன்றை வகுத்தது. சுத்தமான தண்ணீருக்கு நீலம், கடும் மாசுக்குச் சிவப்பு, இடையில் மூன்று, ஆக ஐந்து வகுப்பு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது பல்வகைமைக் கணக்கு. பெயரே தெரியாதவர்களும் போடலாம். பிடித்த பிராணிகளைக் கலக்கி வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இருப்பதும் அடுத்ததும் ஒரே வகையா, வேறு வகையா என்று மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். எத்தனை தரம் மாறி ஒரு புதிய தொடர் ஆரம்பிக்கிறது என்று எண்ணி, மொத்தப் பிராணிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். எல்லாம் ஒரே சிவப்புப் புழுவாக இருந்தால் விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். ஒவ்வொன்றும் வெவ்வேறாக இருந்தால் ஒன்றுக்குப் பக்கத்தில் வரும்.

இருந்தும் நாம் நடைமுறையில் பாட்டிலோடு நின்றுவிடுகிறோம். என்னைப் போன்றவர்கள் எண்ணைப் பார்த்தே பழகிவிட்டோம் என்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பூச்சி படித்தவர் ஒரு கட்டடத்தில், பைப் படித்தவர் ஒரு கட்டடத்தில். நடுவில் சுவர்.

பூச்சி எல்லாம் தெரிந்த கடவுள் என்று நான் சொல்லவரவில்லை. குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஏதோ நடந்திருக்கிறது என்று பூச்சி சொல்லும். யார் செய்தது, எந்த ரசாயனம் என்று சொல்லாது. அதற்கு மறுபடி பாட்டிலிடம்தான் போக வேண்டும். வீட்டில் நாய் குரைத்தால் எழுந்து போய்ப் பார்க்கிறோம் அல்லவா, அந்த மாதிரி. இரண்டாவது, இங்கிலாந்துக்குப் போட்ட மதிப்பெண் நமக்கு அப்படியே பொருந்தாது. அங்கே இல்லாத குடும்பங்கள் இங்கே உண்டு. அதே குடும்பத்தில் இங்கே இருக்கிற இனம் அதிக வெப்பத்தைத் தாங்கலாம். தாய்லாந்திலும் நேபாளத்திலும் தங்கள் ஆறுகளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். நாமும் நம் ஆறு ஒவ்வொன்றிலும் சுத்தமான பகுதி எது என்று தேடி, அதை அளவுகோலாக வைத்துத்தான் திருத்த வேண்டும். மூன்றாவது, நம் ஆறுகள் பல, வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடப்பவை. வெள்ளம் வந்து எல்லாவற்றையும் அடித்துப் போன மறுவாரம் வலை போட்டால் ஒன்றும் இருக்காது. அதை மாசு என்று எழுதினால் தப்பு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து ஒரு மாதம் ஓடிய பிறகு, ஜனவரி, பிப்ரவரியில் எடுப்பது என் அனுபவத்தில் நல்லது. நான்காவது, மணல் அள்ளினாலும் பூச்சி போகும், அணையில் தண்ணீரை நிறுத்தினாலும் போகும். தண்ணீர் சுத்தமாக இருந்தும் வீடு இல்லாமல் போனால் குடித்தனம் ஏது?

அந்த ஆலை ஓடையைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. நான் விலகிய அடுத்த வருஷம் பெரிய தொட்டி கட்டினார்கள் என்று அங்கே இருந்த ஆபரேட்டர் போனில் சொன்னார். என் கடிதத்தாலா, வேறு காரணத்தாலா, தெரியாது. 2018-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு வலையோடு போனேன். கீழ் இடத்தில் சின்ன மேஃப்ளை வகை ஒன்று திரும்பியிருந்தது. வலை பின்னும் காடிஸ் இரண்டு கல்லில் இருந்தது. 10 மதிப்பெண் வாங்குகிற அந்தத் தட்டை உடம்புக்காரர் மட்டும் வரவில்லை. மேலே அரைக் கிலோமீட்டரில் இருக்கிறார். கீழே வர இன்னும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். தலைவர் அண்ணன் முறைக்க வேண்டாம்.

நம் ஆண்கள் ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதில் குளிக்காதவர், துணி துவைக்காதவர் இந்த அரங்கில் குறைவு. பழைய அணி அண்ணன்மார்கள் அதில் மீன் பிடித்து மெஸ்ஸில் வறுத்த கதையை நானே கேட்டிருக்கிறேன். போன சனிக்கிழமை முதல்வர் ஐயாவின் அனுமதியோடு மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஆறு பேரும் நானும் அங்கே இறங்கினோம். தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளும் செய்யும்படி மினிசாஸ் என்று ஒரு எளிய முறை வைத்திருக்கிறார்கள். குடும்பம் எல்லாம் பார்க்க வேண்டாம். 13 வகை தெரிந்தால் போதும். அந்த நாட்டு மதிப்பெண் நம் ஊர் நிலையை அப்படியே சொல்லிவிடாது என்றாலும், ஒரே வாய்க்காலின் இரண்டு இடங்களை ஒப்பிடப் போதும்.

ஹாஸ்டலுக்கு மேலே, பாலத்தடியில்: சின்ன மேஃப்ளை 5, ஊசித்தட்டான் 4, தட்டான் 6, வண்டு வகையறா 5, காடிஸ் 9, ஈ, கொசு வகையறா 2, நத்தை 4, நண்டு 6. எட்டு வகை, மொத்தம் 41, சராசரி 5.1. ஹாஸ்டலைத் தாண்டி இருநூறு அடியில்: மண்புழு வகை 2, அட்டை 2, ஈ, கொசு வகையறா 2, நத்தை 4. நாலு வகை, மொத்தம் 10, சராசரி 2.5.

நடுவில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஹாஸ்டல் செப்டிக் டேங்க். முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குப் பிள்ளைகள் இப்போது தங்குகிறார்கள். டேங்க் மட்டும் அதே டேங்க். வழிகிற தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிறது. கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. கரையில் நின்று தட்டைப் பார்த்தபோது அந்தக் கலைக் கல்லூரிப் பெண் பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரியே இருந்தது.

இந்தத் தடவையும் எழுதி மேனேஜரிடம் கொடுத்துவிட்டு ஐந்து மாதம் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். குற்றம் சொல்வதற்காக இல்லை. நாமே தங்கி, நாமே நிரப்பிய டேங்க் அது.

சங்கத்தின் இந்த வருஷ நிதியில் நுழைவாயில் வளைவு கட்டுவதாகத் தீர்மானம் இருக்கிறது. நல்ல தீர்மானம். ஆனால் அதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று பொதுக்குழுவைக் கைகூப்பிக் கேட்கிறேன். புதிய செப்டிக் டேங்க், அதிலிருந்து வருகிற தண்ணீரைச் செடி படுகை வழியாக வடிகட்டித் தோட்டத்துக்கு விடுகிற அமைப்பு, இரண்டுக்கும் வரைபடமும் மதிப்பீடும் போட்டுக் கொண்டு வந்திருக்கிறேன். என் அணி நண்பர்கள் இரண்டு பேர் மேற்பார்வைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஆறு வலை, நாலு தட்டு, இரண்டு லென்ஸ் வாங்கி வந்திருக்கிறேன். துறைத் தலைவரிடம் ஒப்படைத்துவிட்டேன். வருஷத்தில் இரண்டு தரம், அதே இரண்டு இடம், அதே மூன்று நிமிஷம். ரப்பர் பூட்ஸும் கையுறையும் போடாமல் இறங்காதீர்கள். எலிக் காய்ச்சல் விளையாட்டில்லை. தனியாகப் போகாதீர்கள். எண்ணி முடித்ததும் பிராணிகளைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கணக்கை ஒரு நோட்டில் எழுதி நூலகத்தில் வையுங்கள். பக்கத்துக் கலைக் கல்லூரி விலங்கியல் மாணவர்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் பூச்சியைச் சொல்லட்டும், நீங்கள் பைப்பைச் சொல்லுங்கள். நாளைக்கு நீங்களும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வருவீர்கள். போடுவதற்கு முன்னால் ஒரு தரம் ஓடைக்கு இறங்கிப் போய் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்த கூடலில் யாராவது அந்த நோட்டை எடுத்து வந்து, ஹாஸ்டலுக்குக் கீழே காடிஸ் கிடைத்தது என்று இந்த மேடையில் சொன்னால் எனக்குப் போதும். அன்றைக்கும் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் நேரம் கொடுப்பார்கள். நான் தூங்காமல் கேட்பேன்.